ஆறு காரணிகளும் 1133 இலக்க மிச்சமும்

2ஐ 4096 தடவை அடுக்கிப் பெருக்கி, வரும் விடையோடு 1ஐக் கூட்டினால் 1234 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் கிடைக்கும். 1044388881 என்று தொடங்கி 190337 என்று முடியும் அந்த எண்ணுக்கு 12ஆம் ஃபெர்மா எண் என்று பெயர். அது பகா எண் அன்று என்பது 1877ஆம் ஆண்டிலிருந்தே தெரியும். அதன் பகாக் காரணிகளில் ஆறு இதுவரை கிடைத்திருக்கின்றன: 114689, 26017793, 63766529, 190274191361, 1256132134125569, இவற்றோடு 54 இலக்கம் கொண்ட இன்னொன்று. இந்த ஆறையும் வகுத்து எடுத்த பிறகு 1133 இலக்க எண் ஒன்று மிஞ்சுகிறது. அந்த மிச்சமும் பகு எண்தான் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கிறார்கள். ஆனால் 1ஐயும் அதையும் தவிர அதை மீதியின்றி வகுக்கும் ஒரே ஓர் எண்ணைக்கூட இன்றுவரை யாரும் காட்டவில்லை.

ஓர் எண் உடையும் என்று அறிவதும் அதை உடைப்பதும் ஒன்றே என்று பள்ளிக்கூடக் கணக்கு நம்மைப் பழக்கியிருக்கிறது. 91 பகா எண்ணா என்று கேட்டால், 7 × 13 என்று சொல்லித்தான் இல்லை என்கிறோம். பெரிய எண்களில் இந்த இரண்டு அறிவும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. ஒன்று சில நொடிகளில் கைகூடும்போது மற்றது நூறாண்டு கடந்தும் பிடிபடாமல் இருக்கலாம். இந்தப் பிளவை ஃபெர்மா எண்களைப்போலத் தெளிவாகக் காட்டும் வரிசை எண் கோட்பாட்டில் வேறில்லை என்பது என் துணிபு. ஒரே வரியில் வரையறுத்துவிடக்கூடிய இந்த எண்களை உடைக்க மனிதர்கள் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக முயன்று வருகிறார்கள். அந்த முயற்சியில் எது வளர்ந்தது, எது நின்றுபோனது என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

ஒரு கடிதமும் அதற்கு வந்த மறுப்பும்

வரிசை எளியது. அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், 2ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி 1 கூட்ட வேண்டும்: 3, 5, 17, 257, 65537. இவற்றை 0இலிருந்து எண்ணுவது வழக்கம். அதன்படி 65537 என்பது 4ஆம் ஃபெர்மா எண். அடுக்கு ஏன் இரட்டித்தே வரவேண்டும் என்று கேட்கலாம். அடுக்கில் ஓர் ஒற்றைப்படைக் காரணி நுழைந்தால் எண் தானாகவே பிளந்துவிடும். 2⁶ + 1 என்பது 65. அடுக்கான 6இல் 3 இருப்பதால் 2² + 1, அதாவது 5, அதை வகுத்துவிடுகிறது. ஆகவே 2இன் அடுக்கோடு 1 கூட்டிப் பகா எண் பெற வேண்டுமானால் இந்த வரிசையில்தான் தேட முடியும்.

பியர் டி ஃபெர்மா தூலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். கணிதம் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. மேலே சொன்ன ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்டு, வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள் என்று தாம் கருதுவதாக 1640இல் ஃபிரெனிக்கல் என்ற கணித அன்பருக்கு எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் நம்பிக்கையைக் கைவிடவும் இல்லை.

அடுத்த எண், அதாவது ஐந்தாவது, 4294967297. பத்தே இலக்கம். 1729 டிசம்பர் 1 அன்று கணித அறிஞர் கோல்ட்பாக், சக அறிஞர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில் ஃபெர்மாவின் இந்தக் கூற்றைப் பற்றி விசாரித்தார். 1732இல் ஆய்லரிடமிருந்து விடை வந்தது: 4294967297 = 641 × 6700417. இதை வகுத்துப் பார்க்காமலே சரிபார்க்கலாம் என்பதில் ஓர் அழகு உண்டு. 641ஐ 5 × 2⁷ + 1 என்றும் எழுதலாம், 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். முதல் வடிவத்தின்படி, 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴இன் இடத்தில் −2⁴ஐ வைக்கலாம். ஆக −2³² தரும் மீதி 1. எனவே 2³² + 1ஐ 641 மீதியின்றி வகுக்கும். தாளில் நான்கு வரி போதும்.

ஃபெர்மா இதை எப்படித் தவறவிட்டார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் கேள்வி. தேவையான கருவிகள் எல்லாம் அவர் கையிலேயே இருந்தன. பகா எண் ஒன்றைக் கொண்டு அடுக்குகளின் மீதியைச் சோதிக்கும் அவருடைய பெயர்பெற்ற சிறு தேற்றம் அதே 1640இல் அதே ஃபிரெனிக்கலுக்கு அவர் எழுதியதுதான். 3ஐ 4294967296ஆம் அடுக்குக்கு உயர்த்தி 4294967297ஆல் வகுத்திருந்தால் மீதி 1 வரவில்லை என்று தெரிந்திருக்கும். அடுத்தடுத்து 32 முறை வர்க்கம் எடுக்கும் வேலை அது. இன்னொரு வழியும் இருந்தது. 4ஆல் வகுத்தால் 1 மீதி வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்பது ஃபெர்மா அறிந்திருந்த உண்மை. 4294967297ஐ 65536² + 1² என்றும் எழுதலாம், 62264² + 20449² என்றும் எழுதலாம். இரண்டு விதம் இருப்பதே அது பகா எண் அன்று என்பதற்குச் சான்று.

காரணிகள் எங்கே இருக்க முடியும்

ஆய்லர் பின்னாளில் நிறுவிய ஒரு விதி இந்த எண்களின் இயல்பைத் திறந்து காட்டுகிறது. ஐந்தாம் ஃபெர்மா எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வருகின்றன. ஐந்தாவது முயற்சியில் காரணி விழுந்துவிடுகிறது. 1878இல் எடுவார்ட் லூக்கா இந்த விதியை மேலும் இறுக்கினார்: 64 போதாது, 128ஆல் வகுத்தாலும் மீதி 1 வரவேண்டும். இப்போது பட்டியல் 257, 641 என்று சுருங்குகிறது.

257ஐயும் சோதிக்கத் தேவையில்லை. ஃபெர்மா எண்கள் ஒன்றோடொன்று பொதுக் காரணி இல்லாதவை. 257 தானே ஒரு ஃபெர்மா எண். இதற்கான காரணம் மிக நேர்த்தியானது. 3 × 5 × 17 × 257 என்பது 65535; அடுத்த ஃபெர்மா எண்ணான 65537ஐவிட 2 குறைவு. வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் இப்படியே: முந்தையவை எல்லாவற்றின் பெருக்கற்பலன் அடுத்ததைவிட 2 குறைவாக இருக்கும். ஆகவே இரண்டு ஃபெர்மா எண்களை ஒரே எண் வகுத்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும். எல்லாம் ஒற்றைப்படை எண்கள் என்பதால் அது நடவாது. கோல்ட்பாக் கண்ட இந்தப் பண்பிலிருந்து பகா எண்கள் முடிவில்லாதவை என்ற உண்மையும் கிடைக்கிறது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் பிறவற்றில் இல்லாத ஒரு பகாக் காரணியையாவது கொண்டுவருகிறதல்லவா?

லூக்காவின் விதியை 12ஆம் எண்ணுக்குப் பொருத்தினால், அதன் எந்தப் பகாக் காரணியும் 2¹⁴இன், அதாவது 16384இன், மடங்கோடு 1 கூட்டிய வடிவில் இருக்க வேண்டும். ஆறில் சிறியதான 114689 என்பது 7 × 16384 + 1. இதை 1877இல் லூக்காவும், இவான் பெர்வூஷின் என்ற ரஷ்யக் கிராமத்துப் பாதிரியாரும் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். அது உண்மையிலேயே வகுக்கிறதா என்று அறிய அந்த 1234 இலக்க எண்ணைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம். 2¹⁶ = 65536 என்பதில் தொடங்கி, வர்க்கம் எடுத்து 114689ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த மீதியை மறுபடி வர்க்கமாக்கினால் போதும். ஒவ்வொரு படியிலும் அடுக்கு இரட்டிக்கும். மீதிகள் வரிசையாக: 93624, 2484, 91739, 50612, 110418, 5890, 56022, 114688. எட்டாவது படியில் 2⁴⁰⁹⁶ஐ எட்டிவிட்டோம். மீதி 114688, வகுக்கும் எண்ணைவிட 1 குறைவு. அதோடு 1 கூட்டினால் மீதி இல்லை. கணக்கில் பழக்கம் உள்ள பள்ளி மாணவர் ஒரு மாலைப்பொழுதில் தாளிலும் பேனாவிலும் செய்துவிடலாம். படித்து நகர்வதைவிட ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது என்று பரிந்துரைப்பேன். கடைசி வரியில் அந்த 114688 வந்து விழும்போது கிடைக்கும் நிறைவை எந்த விளக்கமும் தராது.

இதே வழியில் ஆங்கிலேயரான வெஸ்டர்ன் 1903இல் 26017793, 63766529 இரண்டையும் கண்டார். நான்காவது காரணி 1974இலும் ஐந்தாவது 1986இலும் கணினிகளின் துணையோடு வந்தன.

வடிவியலிலும் இந்த எண்களுக்கு ஒரு பங்கு உண்டு; சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். 1796இல், இன்னும் இருபது வயதை எட்டாத காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கான 17 பக்க உருவத்தை வரையலாம் என்று கண்டார். ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கைகளில் எவற்றுக்கு இது இயலும் என்றால், ஒன்றுக்கொன்று வேறான ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலன்களுக்கு மட்டுமே. மற்றவற்றுக்கு இயலாது என்பதன் நிறுவலை வான்ட்செல் 1837இல் முழுமையாக்கினார். ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்க உருவத்துக்கான வழிமுறையைப் பத்தாண்டுகள் உழைத்து எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டது.

உடையும் என்று தெரியும், எப்படி என்று தெரியாது

114689 கிடைத்த அதே 1877இல் இன்னொன்றும் நடந்தது. பிரெஞ்சுக் கணித அறிஞர் பெப்பேன் ஒரு சோதனையை வெளியிட்டார். 3ஐ எடுத்துத் திரும்பத் திரும்ப வர்க்கமாக்கி, ஒவ்வொரு முறையும் ஃபெர்மா எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி மீதி அந்த எண்ணைவிட 1 குறைவாக வந்தால் எண் பகா எண். வராவிட்டால் பகு எண். 17க்குச் செய்து பார்க்கலாம்: 3, 9, 13, 16. மூன்று வர்க்கங்கள், கடைசியில் 16. ஆகவே 17 பகா எண். 12ஆம் எண்ணுக்கு 4095 வர்க்கங்கள் வேண்டும். இன்றைய கைப்பேசிக்கு அது ஒரு பொருட்டே அன்று.

இந்தச் சோதனை ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்லும். இல்லை என்று சொல்லும்போது காரணியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. 1905இல் மோர்ஹெட்டும் வெஸ்டர்னும் இந்த வழியில், கையாலேயே கணக்கிட்டு, 39 இலக்கம் கொண்ட ஏழாவது எண் பகு எண் என்று காட்டினார்கள். 1909இல் இருவரும் சேர்ந்து 78 இலக்கம் கொண்ட எட்டாவதையும் முடித்தார்கள். ஆனால் ஏழாவதின் காரணிகள் 1970 வரையிலும் எட்டாவதின் காரணிகள் 1980 வரையிலும் கிடைக்கவில்லை. பதினான்காவது எண் பகு எண் என்று 1960களின் தொடக்கத்தில் தெரிந்தது; முதல் காரணி 2010இல்தான் கிடைத்தது. 3,15,653 இலக்கம் கொண்ட இருபதாவது எண்ணும் 50,50,446 இலக்கம் கொண்ட இருபத்து நான்காவது எண்ணும் பகு எண்கள் என்று நிறுவப்பட்டுவிட்டன. அவற்றுக்கு இன்றுவரை ஒரு காரணிகூடக் கிடையாது.

2002இல் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணையும் அது பகா எண்ணா என்று நியாயமான காலத்துக்குள் ஐயமற முடிவு செய்யும் முறையைக் கண்டார்கள். எண்ணின் இலக்கங்கள் கூடும்போது வேலையும் அளவோடுதான் கூடும் என்று நிறுவினார்கள். காரணி காண்பதற்கு அப்படி ஒரு முறை நம் கணினிகளுக்கு இல்லை. குவாண்டம் கணினி போதிய அளவில் உருவானால் முடியும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். அந்த அளவு இயந்திரம் இன்னும் கட்டப்படவில்லை.

உடைத்தவர்கள்

ஆறாவது எண்ணுக்கு 20 இலக்கம். டோர்பாட் நகரின் வானியலாளர் கிளாவ்சன் 1855 ஜனவரி 1 அன்று காஸுக்கு எழுதிய கடிதத்தில் அதன் காரணிகள் 274177, 67280421310721 என்று குறிப்பிட்டார். காஸ் அடுத்த மாதம் இறந்துபோனார். கடிதம் வெளியுலகுக்குத் தெரியாமல் கிடந்தது. 1880இல் பிரான்சில் எண்பது வயதைக் கடந்த லாண்ட்ரி அதே விடையைத் தனியே கண்டு வெளியிட்டார். இருவருமே இரண்டாவது காரணி பகா எண் என்பதையும் அறிந்திருந்தார்கள் என்பது இயந்திரம் இல்லாத காலத்தில் சாதாரணச் செயல் அன்று.

அதற்குப் பிறகு தொண்ணூறு ஆண்டுகள் தேக்கம். அதை உடைத்த உத்தியின் வேர் ஃபெர்மாவிடமே இருக்கிறது. 1643இல் 2027651281 என்ற எண்ணை 44021 × 46061 என்று அவர் உடைத்தது, அதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதித்தான். 91 என்பது 100இலிருந்து 9 போனது. ஆகவே 10 − 3, 10 + 3 என்ற இரண்டும் அதன் காரணிகள். பெரிய எண்ணுக்கு நேரடியான வித்தியாசம் கிடைப்பது அரிது. ஆனால் ஒரே மீதி தரும் இரண்டு வர்க்கங்கள் கிடைத்தால் போதும். அவற்றின் வித்தியாசத்தை அந்த எண் வகுக்கும், பெரும்பாலும் காரணி வெளிப்பட்டுவிடும். அந்த இரண்டு வர்க்கங்களைத் துண்டு துண்டாகச் சேகரித்த மீதிகளைப் பெருக்கி உருவாக்கிக்கொள்ளலாம் என்பதே புதிய சிந்தனை. 1970 செப்டம்பர் 13 அன்று மோரிசனும் பிரில்ஹார்ட்டும் தொடர்பின்னங்களைக் கொண்டு மீதிகளைச் சேர்த்து, ஏழாவது எண்ணை 59649589127497217 × 5704689200685129054721 என்று உடைத்தார்கள்.

பத்தாண்டு கழித்து எட்டாவது எண் முற்றிலும் வேறு வழியில் வீழ்ந்தது. மீதிகளின் சங்கிலி ஒன்று என்றாவது சுழற்சியில் விழும் என்ற உண்மையில் பிறந்தது பொல்லார்டின் முறை. பிரெண்டும் பொல்லார்டும் காரணியின் வடிவம் பற்றிய விதியை அதில் புகுத்தி வேகப்படுத்தி, 1238926361552897 என்ற 16 இலக்கக் காரணியைப் பிடித்தார்கள்.

ஒன்பதாவது எண்ணுக்கு 155 இலக்கம். அதன் 7 இலக்கக் காரணி 2424833ஐ வெஸ்டர்ன் 1903இலேயே கண்டிருந்தார். மிச்சம் 148 இலக்கம். 1988இல் பொல்லார்ட் ஒரு கையெழுத்துப் படியைச் சக ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். ஏழாவது எண்ணை இரட்டித்தால் 2¹²⁹ + 2 வரும். அது 2⁴³இன் கனத்தோடு 2 கூட்டியது. ஆகவே சாதாரண முழு எண்களோடு, 2இன் கனமூலம் சார்ந்த இன்னொரு எண் உலகிலும் ஒரே நேரத்தில் மீதிகளைச் சேர்க்கலாம் என்றார். 64 கிலோபைட் நினைவகம் கொண்ட ஒரு சிறு பிலிப்ஸ் கணினியில் ஏழாவது எண்ணை மறுபடி உடைத்தும் காட்டினார். இதுவே எண்புலச் சல்லடை முறையின் தொடக்கம். ஒன்பதாவது எண்ணை 8ஆல் பெருக்கினால் 2¹⁰³இன் ஐந்தாம் அடுக்கோடு 8 சேர்ந்து வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா, ஆர்ஜன் லென்ஸ்ட்ரா, மனாசி, பொல்லார்ட் நால்வரும் உலகெங்கும் சிதறிக் கிடந்த சுமார் 700 கணினிகளின் ஓய்வு நேரத்தையும், கடைசிக் கட்டத்துக்கு ஒரு மீக்கணினியையும் பயன்படுத்தி, நான்கு மாதத்தில் வேலையை முடித்தார்கள். 1990 ஜூனில் 49 இலக்கமும் 99 இலக்கமும் கொண்ட இரண்டு பகாக் காரணிகள் கிடைத்தன. பெரிய எண்களை உடைக்கும் கலையில் இதைவிட உயர்ந்த ஒரு தருணத்தை நான் அறியேன்.

இங்கே ஒரு விசித்திரம் தெரிகிறது. 617 இலக்கம் கொண்ட பதினோராவது எண், ஒன்பதாவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1988இல் முழுமையாக உடைந்துவிட்டது. 309 இலக்கப் பத்தாவது எண் 1995 வரை காத்திருந்தது. இரண்டையும் முடித்தவர் பிரெண்ட். கருவி, ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா 1985இல் கண்ட நீள்வட்ட வளைகோட்டு முறை. இந்த முறையில் ஏதேனும் ஒரு வளைகோட்டை எடுத்து, காரணி தெரியாமலே அதன்மேல் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மறைந்திருக்கும் பகாக் காரணியைப் பொறுத்து அந்த வளைகோட்டில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை அமையும். அந்த எண்ணிக்கை சிறு சிறு காரணிகளாக உடையக்கூடியதாக இருந்துவிட்டால் பகாக் காரணி வெளியே வந்துவிடும். இல்லாவிட்டால் வேறு வளைகோடு. பழைய முறைகளில் ஒரு காரணிக்கு ஒரே வாய்ப்புதான். இதில் வாய்ப்புகளுக்கு முடிவில்லை.

இந்த முறைக்கு ஆகும் உழைப்பு உடைபடும் எண்ணின் நீளத்தைவிடத் தேடும் காரணியின் நீளத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது. கடைசியாக மிஞ்சும் பெரிய காரணி தானாகவே கிடைத்துவிடும் என்பதால், முழுதாக உடைக்க ஆகும் உழைப்பை நிர்ணயிப்பது இரண்டாவது பெரிய காரணி. பதினோராவது எண்ணின் காரணிகளில் இரண்டாவது பெரியதற்கு 22 இலக்கம்தான். அதை எடுத்ததும் மிஞ்சிய 564 இலக்க எண் பகா எண் என்று மொரேன் நிறுவினார். பத்தாவதில் அது 40 இலக்கம். ஒன்பதாவதில் 49, அது அன்றைய வளைகோட்டு முறைக்கு எட்டாத உயரம், ஆகவேதான் சல்லடை தேவைப்பட்டது. எண்ணின் நீளம் அதன் கடினத்தைச் சொல்வதில்லை. உள்ளே காரணிகள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன என்பதே சொல்கிறது. அதை உடைத்த பிறகுதான் அறிய முடியும்.

பன்னிரண்டாவதில் நின்றுபோனது ஏன்

இப்போது அந்த 1133 இலக்க மிச்சத்துக்கு வரலாம். 54 இலக்கம் கொண்ட ஆறாவது காரணி 2010 மார்ச்சில் வளைகோட்டு முறையில்தான் கிடைத்தது. ஏழாவது ஒன்று அதைவிடச் சில இலக்கமே பெரிதாக இருந்தால் இதே வழியில் என்றாவது ஒருநாள் வரலாம். நூறு இலக்கமாக இருந்தால் இந்த வழி அடைபட்டது. சல்லடை முறையோ முழு எண்ணின் நீளத்தைப் பார்த்தே உழைப்பு கேட்கும். பொதுவான எண்களில் இதுவரை சல்லடை எட்டிய பெரிய வெற்றிகளில் ஒன்று 2020 பிப்ரவரியில் உடைந்த ஆர்எஸ்ஏ-250 என்ற சவால் எண். அதற்கு 250 இலக்கம், ஒரே ஒரு செயலி தனியே செய்தால் சுமார் 2700 ஆண்டு பிடிக்கும் வேலை. ஆயிரம் இலக்கங்களைத் தாண்டிய எண்ணுக்கு அந்தக் கணக்கையே தொடங்க முடியாது. இரண்டு வழிகளுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது அந்த மிச்சம்.

இத்தகைய எண்ணுக்கு எத்தனை பகாக் காரணிகளை எதிர்பார்க்கலாம்? இதற்கு விடை தரும் தேற்றம் ராமானுஜனுடையது. அவரும் ஹார்டியும் 1917இல் வெளியிட்ட கட்டுரை, ஏறக்குறைய எல்லா எண்களுக்கும் பகாக் காரணிகளின் எண்ணிக்கை அந்த எண்ணின் இயல்மடக்கையின் இயல்மடக்கையை ஒட்டியே இருக்கும் என்று காட்டியது. 1234 இலக்க எண்ணுக்கு அது ஏறத்தாழ 8. பன்னிரண்டாம் ஃபெர்மா எண்ணுக்கு அறிந்த ஆறோடு, மிச்சம் பகு எண் என்பதால் குறைந்தது இன்னும் இரண்டு உண்டு. ஆக எட்டுக்குக் குறைய வாய்ப்பில்லை, மிச்சம் ஏதோ ஒரு பகா எண்ணின் வெறும் அடுக்காக இருந்தாலொழிய. ஆனால் சராசரி எண் தன் காரணிகளில் பலவற்றை 2, 3, 5, 7 போன்ற சிறு எண்களிலிருந்து பெறுகிறது. நம் எண்ணுக்கு 16384க்குக் கீழே ஒரு காரணியும் இருக்க முடியாது. அப்படியிருந்தும் சராசரியை எட்டியிருப்பது அது காரணி வளம் மிக்க எண் என்பதைக் காட்டுகிறது.

இந்தக் கடினம் வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. வங்கி இணையதளங்கள் தம் அடையாளத்தை நிறுவப் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ சாவிகள், இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலனை உடைக்க முடியாது என்ற நம்பிக்கையில்தான் நிற்கின்றன. அந்தச் சாவிகளில் வழக்கமாக அடுக்காக வைக்கப்படும் எண் 65537 என்பது குறிப்பிடத்தக்கது. இருமக் குறியீட்டில் அதற்கு இரண்டே ஒன்றுகள். ஆகவே 16 வர்க்கமும் ஒரு பெருக்கலும் செய்தால் வேலை முடிந்தது.

வரிசையில் மேலே போகப் போக அறிவு தொடர்ச்சியாக இல்லை. 2020இல் 1,82,33,954ஆம் ஃபெர்மா எண்ணுக்கு ஒரு காரணி கிடைத்தது: 7 × 2¹⁸²³³⁹⁵⁶ + 1. காரணிக்கு மட்டுமே 54,88,969 இலக்கம். அது வகுக்கும் எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையை எழுதவே ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். பெர்வூஷின் கண்ட 7 × 2¹⁴ + 1இன் அதே வடிவம், அதே 7. இவ்வளவு தொலைவில் உள்ள எண்ணின் காரணியை அறிந்த நாம், 33ஆவது எண் பகா எண்ணா என்பதைக்கூட அறியோம். அதற்கு 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள். பெப்பேன் சோதனைக்கு 859 கோடி வர்க்கங்கள் வேண்டும், ஒவ்வொன்றும் அந்த நீளத்து எண்ணின்மேல். சிறு காரணி ஒன்று தற்செயலாகக் கிடைத்தால்தான் விடை விரைவில் வரும்.

நிறுவல்களின் பக்கம் நிலைமை இன்னும் வெறுமையானது. 65537க்குப் பிறகு ஃபெர்மா பகா எண் ஒன்றுமே இல்லை என்றுதான் இந்தத் துறையில் பெரும்பாலோர் எதிர்பார்க்கிறார்கள். 5 முதல் 32 வரை எல்லாமே பகு எண்கள். ஆனால் நிறுவல் இல்லை. அதைவிட வியப்பானது, ஃபெர்மா எண்களில் பகு எண்கள் முடிவின்றி வருகின்றன என்பதற்கும் நிறுவல் இல்லாதது. எந்த ஃபெர்மா எண்ணாவது ஒரு பகா எண்ணின் வர்க்கத்தால் வகுபடுமா என்பதும் தெரியாது. அப்படி வகுபட்டால் அந்தப் பகா எண் வீஃபெரிக் வகையைச் சேர்ந்ததாக (2ஐ அந்தப் பகா எண்ணைவிட 1 குறைந்த அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால், விடை அதன் வர்க்கத்தால் வகுபடும் வகை) இருக்க வேண்டும் என்பது வரை நிறுவப்பட்டிருக்கிறது. அந்த வகையில் இதுவரை அறிந்தவை 1093, 3511 இரண்டு மட்டுமே. இரண்டுமே எந்த ஃபெர்மா எண்ணையும் வகுப்பதில்லை.